இந்தியா மேசையில் செல்லச்சாமி

கம்போடியாவிலிருந்து நடனக் குழு வரவில்லை. பன்னாட்டுக் கலாசார விருந்தோம்பல் அதிகாரசபை இதை ஒரு சின்னக் குறையாகத்தான் கருதியது, ஏனென்றால் மற்றதெல்லாம் வந்துவிட்டது. "கெமர் நடனமும் இராவிருந்தும்" என்ற பதாகை வந்துவிட்டது. மேசைகளில் வைக்கும் குட்டிக் கொடிகள் வந்துவிட்டன. சபையின் தலைவரான தவிசாளர் நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார். அந்த அதிகாரசபையில் நடனத்தை மாற்றலாம், நாட்டைக்கூட மாற்றலாம், தவிசாளர் குறித்த நாளை மட்டும் மாற்ற முடியாது. கம்போடியர்கள் வராததற்குக் கம்போடியர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. அவர்களுடைய பயண அனுமதிக் கோப்பு கொழும்பில் மேசை மேசையாக ஏறி இறங்கி, "எதற்காக வருகிறார்கள்?" என்ற கேள்வியோடு திரும்பி வந்திருந்தது. அதற்குப் பதில் எழுத வேண்டியது யார் என்று தீர்மானிக்க ஒரு குழு போட்டிருந்தார்கள். குழு இன்னும் கூடவில்லை.

ஆகவே, விருந்து நடக்கவிருந்த நாவுல ஹோட்டலில், அறை துப்புரவு செய்யும் பயிற்சிக்கு வந்திருந்த பெண் பிள்ளைகளில் சிலரைப் பொறுக்கி எடுத்துக் கம்போடியர்கள் ஆக்கினார்கள். இதைத் தவிசாளருக்கு யாரும் சொல்லவில்லை. போனில் வீடியோ பார்த்து ஆடப் பழகினார்கள். நடுவில் நின்று ஆடும் தேவகன்னி வேடம் சிவதர்ஷினிக்குக் கிடைத்தது. அவள் நன்றாக ஆடினாள் என்று யாரும் சொல்லவில்லை. மாத்தளையில் கிரீடம் செய்தவர் அளவெடுக்க வந்த அன்றைக்கு அவள்தான் கையில் வேலையில்லாமல் நின்றிருந்தாள். அதனால் கிரீடம் அவளுடைய தலைக்கு அளவாகிப் போய்விட்டது.

குளியலறை கழுவும்போது உடைந்த கண்ணாடி ஒன்று அந்தப் பிள்ளையின் வலது உள்ளங்காலைக் கிழித்திருந்தது. மெனேஜர் ஒரு பிளாஸ்டர் கொடுத்தார். பிளாஸ்டருக்கு உள்ளே புண் தன் பாட்டில் வளர்ந்தது. விருந்து நாளன்று மத்தியானம் அவள் ரத்தோட்டையிலிருந்த அப்பாவுக்கு அழைத்தாள்.

"அப்பா, காலு வீங்கிருச்சு. காய்ச்ச வேற அடிக்குது. ராவைக்கு ஆடியே ஆகணுமாம், இல்லாட்டி பயிற்சி சேட்டிபிகேட்ல கையெழுத்துப் போட மாட்டாங்களாம். வந்து கூட்டிட்டுப் போங்கப்பா."

செல்லச்சாமி ரத்தோட்டை டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமையானபடியால் கோயிலுக்குப் போய்விட்டு, வேட்டியும் வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக நின்றிருந்தார். உடுப்பு மாற்றக்கூட வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளையை ஏற்றிக்கொண்டு நேரே மாத்தளைக்குத் திரும்பி ஆஸ்பத்திரியில் காட்டுவது, அவ்வளவுதான் அவருடைய திட்டம். இதில் தவறிப் போவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

ஹோட்டல் கேட்டில் காவலாளி மறித்தார். "வேலைக்காரங்களோட சொந்தக்காரங்க உள்ள போக ஏலாது. விழா முடிஞ்ச பொறகு வாங்க."

"மகளுக்குக் காலு வெட்டுப்பட்டு வீங்கியிருக்கு தம்பி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"அப்ப கட்டாயம் விழா முடிஞ்ச பொறகுதான். இப்ப அவ வேலைக்காரி இல்ல, வெளிநாட்டுக்காரி. வெளிநாட்டுக்காரங்களத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு ஓடர்."

இந்த நேரத்தில்தான் நிருஜன் ஓடி வந்தார். அதிகாரசபையின் கலாசார உத்தியோகத்தர். மாத்தளையில் பிறந்து வளர்ந்தவர். மழையால் ரிவர்ஸ்டன் மலைப் பாதை மூடப்பட்டு, அதைப் பார்த்துவிட்டு இங்கே வரவேண்டிய சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் கண்டியிலேயே தங்கிவிட்டார்கள். மண்டபத்தில் கொடி நட்ட மேசைகள் வெறுமையாகக் கிடந்தன. தவிசாளரின் வாகனம் வந்துகொண்டிருந்தது. நிருஜன் வேட்டியைப் பார்த்தார், விபூதியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"அங்கிள், உங்க மகளப் பாக்கணும்னா நீங்க விருந்தாளியா வரணும். அதுக்கு ஒரே வழிதான் இருக்கு. கொஞ்ச நேரத்துக்கு இந்தியாவா இருங்க."

"இந்தியாவா?"

"மேசை ஒண்ணு காலியா இருக்கு. பேச ஒண்ணும் தேவல்ல. ஆட்டம் முடிஞ்சதும் நானே மகளக் கூட்டிட்டு வந்து த்ரீவீல்ல ஏத்தி விடறேன்."

செல்லச்சாமியின் அப்பா, தான் இந்தியாக்காரர் இல்லை, இந்த நாட்டுப் பிரஜைதான் என்று ஒரு கடதாசி வாங்குவதற்காகப் பாதி ஆயுள் அரசாங்கக் கச்சேரி கச்சேரியாக அலைந்தவர். கடதாசி கைக்கு வந்த கொஞ்சக் காலத்தில் மனுசன் கண்ணை மூடிவிட்டார். மகன் திரும்பவும் இந்தியாக்காரர் ஆவதற்கு ஒரு ஊசிப்பின்தான் செலவானது. நிருஜன் 'இந்தியா' என்று எழுதிய துணிப் பட்டியைச் சட்டையில் குத்திவிட்டு, நேராக உட்காரும்படி சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து மேசையில் தொப்பி போட்ட ஒருவர் சலிப்போடு உட்கார்ந்திருந்தார். மாத்தளையில் கதிரை, பீங்கான் வாடகைக்குக் கொடுக்கும் முனாஸ். கதிரை இறக்க வந்தவரைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நீங்க எந்த நாடு?" என்று கேட்டார் முனாஸ்.

"இந்தியான்னு சொல்றாங்க. நீங்க?"

"மலேசியா. என்ட கதிரையிலயே என்னய விருந்தாளியா உக்கார வெச்சிருக்காங்க பாருங்க. அந்தா, ஜப்பான் மேசையில ஈக்கிறது என்ட லொறி ட்ரைவர்."

உண்மையான வெளிநாட்டுக்காரர்கள் ஒரு சோடிதான் அங்கே இருந்தார்கள். மழைக்கு ஒதுங்கி வந்த ஜெர்மன்காரக் கிழவரும் அவருடைய மனைவியும். நிகழ்ச்சி ஆசிய நட்புறவுக்கானது, ஜெர்மனியோ ஆசியாவில் இல்லை. அதனால் அவர்களுக்குக் கொடியும் இல்லை, மேசையும் இல்லை. ஒரு தூணுக்குப் பின்னால் இரண்டு கதிரை போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

தவிசாளர் வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். நாட்டுக்கொரு திரி. செல்லச்சாமி இந்தியாவின் சார்பில் ஒரு திரியைக் கொளுத்திவிட்டு, பக்கத்தில் நின்ற தவிசாளரிடம், "சேர், என் மகளுக்குக் காலு சரியில்ல" என்று தமிழில் சொன்னார். தவிசாளர் இரண்டு கையையும் கூப்பி, அவரைவிடப் பணிவாகக் குனிந்தார். அவர் அரச ஊழியருக்கான தமிழ்ப் பரீட்சையில் அதிசிறப்புச் சித்தி பெற்றவர். அதற்குப் பிறகு யாரும் அவரைத் தமிழில் சோதிக்கவில்லை.

பிறகு அவர் சிங்களத்தில் உரையாற்றினார். நிருஜன் தமிழில் சொன்னார்.

"அன்பார்ந்த வெளிநாட்டு விருந்தினர்களே! மண்டபம் நிறைந்திருப்பதைப் பார்க்கிறேன். மழையென்றும் பாராமல், பாதை மூடியதையும் பாராமல் கடல் கடந்து வந்திருக்கிறீர்கள். நம் மாவட்ட மக்கள் எங்கே என்று சிலர் கேட்கலாம். அவர்களை நாம் அழைக்கவில்லை. விருந்தோம்பல் என்பது வெளியாருக்குச் செய்வது. வீட்டாருக்குச் செய்தால் அதற்குப் பெயர் செலவு. எமது அதிகாரசபை தொடங்கிய நாளிலிருந்து ஒரு விருந்தினர்கூட எம்மைப் பற்றி முறைப்பாடு செய்ததில்லை. முறைப்பாட்டுப் பிரிவை நாம் இன்னும் திறக்கவில்லை என்பதை இங்கே பெருமையோடு கூறிக்கொள்கிறேன்."

மூலையில் மூடி போட்ட பாத்திரங்களில் கம்போடிய விருந்து காத்திருந்தது. சோறு, பருப்பு, கோழிக்கறி, பூசணிக்காய்ப் பால்கறி என்று எல்லாவற்றுக்கும் வாயில் நுழையாத கெமர்ப் பெயர்கள் எழுதி வைத்திருந்தார்கள். மூடிகளைத் தவிசாளர்தான் திறக்க வேண்டும், அதுவும் ஆட்டம் முடிந்த பிறகு. முனாஸ் மூக்கைச் சுளித்து மணம் பிடித்தார். "பூசணிக்காக்கு உப்புப் பத்தாது போல" என்றார்.

மேளமும் மணியும் ஒலிபெருக்கியில் எழுந்தன. கம்போடியர்கள் வந்தார்கள்.

செல்லச்சாமிக்கு முதலில் மகளை அடையாளம் தெரியவில்லை. முகத்தில் வெள்ளை மாவு அப்பி, கோபுரம் போல் ஒரு தங்க நிறக் கிரீடம் வைத்திருந்தார்கள். காலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். அவள் வலது காலை நிலத்தில் வைத்தும் வைக்காமலும் நடந்து வந்தாள்.

கெமர் நடனம் மிகவும் மெதுவானது. கையை ஒரு பூ விரிவதைப் போல விரிக்கவே நேரம் எடுக்கும். நடுநடுவே ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். மற்றக் காலை முழங்காலோடு பின்னால் மடித்து, உள்ளங்கால் மேலே பார்க்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். சிவதர்ஷினி இடது காலில் நின்றபோது, மடித்த வலது உள்ளங்கால் மண்டபத்துக்கே தெரிந்தது. பிளாஸ்டர் ஊறிக் கழன்று தொங்கியது. இரத்தம் குதிக்காலுக்கு வழிந்திருந்தது. பிறகு இசை மாறியது, அவள் கால் மாற்றினாள். அந்தக் காலில் முழு உடம்பையும் ஏற்றி நின்றாள். உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. சிரிக்கச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள்.

தூணுக்குப் பின்னாலிருந்து ஜெர்மன்கார அம்மா எழுந்து வந்து, அந்தப் பெண்ணின் காலில் இரத்தம் வருகிறதே என்று பதறிப்போய் ஆங்கிலத்தில் கேட்டார். தவிசாளர் பொறுமையாகச் சிரித்தார்.

"அது சாயம், மேடம். கம்போடியாவில் தேவகன்னிகள் உள்ளங்காலுக்குச் சிவப்புப் பூசுவார்கள். மிகப் பழைய மரபு. நாங்கள் எதையும் குறைக்கவில்லை."

பெற்ற பிள்ளை கண்ணெதிரே இரத்தம் சொட்ட நிற்கிறது, நான் ஒரு கொடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்க நினைக்கச் செல்லச்சாமிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து, "நிப்பாட்டுங்க!" என்று கத்தினார்.

ஒலிபெருக்கிக்கு முன்னால் அந்தக் குரல் எடுபடவில்லை. ஆனால் அவர் எழுந்தது தெரிந்தது. இந்தியா எழுந்து நிற்பதைப் பார்த்த தவிசாளர், இது ஏதோ மரியாதை முறை போலும் என்று தானும் எழுந்தார். தவிசாளர் எழுந்ததும் உத்தியோகத்தர்கள் எழுந்தார்கள். மலேசியா எழுந்தது. ஜப்பான், வாயிலிருந்த வெற்றிலையை விழுங்கிவிட்டு எழுந்தது. மண்டபமே நின்று கைதட்டியது. ஆட்டம் முடிந்ததும் தவிசாளர் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார்.

"இந்தியாவே எழுந்து நின்ற ஒரு கலையை ஒருமுறை மட்டும் பார்த்து அனுப்புவது அழகல்ல. மீண்டும் ஒருமுறை!"

செல்லச்சாமி உட்கார்ந்துவிட்டார். முனாஸ் அவருடைய கையைப் பிடித்தார். "அண்ணே, அந்த நடுவுல ஆடறது உங்கட புள்ளையா?"

"என் மகதான்."

"அல்லாஹ்வே. அப்ப இனி எழும்பிராதீங்க. இன்னொருக்கா எழும்பினா மூணாந்தரம் ஆட வெப்பாங்க."

அவர் எழும்பவில்லை. கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் தடவையையும் முழுவதுமாகப் பார்த்தார். மேடையில் வலது கால் பட்ட இடமெல்லாம் சிவப்புத் தடம் விழுந்தது. தவிசாளர் பக்கத்திலிருந்தவரிடம், சாயம் தரமானது, நன்றாகப் பதிகிறது என்றார்.

அதோடு விட்டிருந்தால் நிருஜன் சொன்னபடி செய்திருப்பார் என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் நிகழ்ச்சி நிரலில் பொன்னாடை இருந்தது. கம்போடியக் கலைஞருக்கு இலங்கை மண்ணில் இந்தியா பொன்னாடை போர்த்த வேண்டும் என்று தவிசாளர் அந்த நிமிடத்தில் முடிவெடுத்தார். செல்லச்சாமியை மேடைக்கு ஏற்றினார்கள். மொழிபெயர்க்க நடுவில் நிருஜன் நின்றார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவளுடைய கண்ணில் நீர் முட்டியது. "அப்பா, நிக்க முடியலப்பா. தல சுத்துது. என்னய இங்கிருந்து கூட்டிட்டுப் போங்க."

நிருஜன் ஒலிவாங்கியை வாங்கினார். அவருடைய கழுத்தில் வேர்வை ஓடியது. "இந்த மண்ணை விட்டுப் போக மனம் வரவில்லை என்று கலைஞர் கண்கலங்குகிறார்" என்று சிங்களத்தில் சொன்னார்.

கைதட்டல் எழுந்தது. "கெமர் மொழி எவ்வளவு மென்மையானது!" என்று தவிசாளர் வியந்தார்.

செல்லச்சாமி ஒலிவாங்கியைப் பறித்தார். "ஐயாமாரே, கேட்டுக்கங்க. நான் இந்தியா கெடயாது. ரத்தோட்டையில த்ரீவீல் ஓட்டுறவன். இது என் மக. இவளுக்குக் காலுல புண்ணு. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

நிருஜன் கண்ணை மூடித் திறந்தார்.

"இந்தக் கலைஞரைத் தன் மகளாகவே கருதுவதாக இந்தியா கூறுகிறது" என்றார்.

கைதட்டல் முன்னையதைவிடப் பெரிதாக இருந்தது. சில உத்தியோகத்தர்கள் கண்ணைத் துடைத்தார்கள். செல்லச்சாமி நிருஜனைக் கொன்றுவிடுவது போல் பார்த்தார். நிருஜன் ஒலிவாங்கியை மூடிக்கொண்டு கெஞ்சினார்: "அங்கிள், எனக்கும் ரெண்டு புள்ள இருக்கு. இன்னைக்கு மட்டும் என்னய மாட்டி விட்றாதீங்க. இந்தா முடியப் போகுது."

தமிழ் உதவாதபோது செல்லச்சாமி சிங்களத்துக்கு மாறினார். பிறந்ததிலிருந்து பேசுகிற சிங்களம், ஒரு பிழை இல்லாமல் வந்தது. இவள் என் சொந்த மகள், பொய் சொல்லவில்லை, தயவுசெய்து விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். தேசிய அடையாள அட்டையையும் எடுத்துக் காட்டினார்.

தவிசாளர் முகம் மலர்ந்தது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கவனித்தீர்களா? ஒரே மாலையில் இந்தியா நம் மொழியைக் கற்றுக்கொண்டுவிட்டது! அடையாள அட்டையும் எடுத்துவிட்டது! விருந்தோம்பலுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நம் மக்களில் பலருக்கே இந்த அட்டை எடுக்க ஆண்டுக்கணக்காகிறது. வெளிநாட்டவர் என்றால் நாம் தாமதிப்பதில்லை."

செல்லச்சாமி சட்டையிலிருந்த பட்டியைப் பிடுங்கி எறிந்தார். அது சிவதர்ஷினியின் காலடியில் விழுந்தது. தவிசாளர் குனிந்து எடுத்து, அதை அவளுடைய மார்பில் குத்திவிட்டார். இந்தியா தன் பெயரையே பரிசாகக் கொடுத்துவிட்டது என்று அறிவித்தார். புகைப்படக்காரர் மூவரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். செல்லச்சாமி மகளைத் தோளோடு அணைத்துத் தாங்கிக்கொண்டு நின்றார். அவளுடைய உடம்பு அனலாகக் கொதித்தது. படம் மிகவும் உருக்கமாக வந்திருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

விருந்தின் மூடிகள் திறக்கப்பட்டன. கம்போடியர்களுக்குச் சாப்பாடு இல்லை. அவர்களை வழியனுப்பும் நிகழ்ச்சி அடுத்ததாக இருந்தது. வாசலில் கொடி கட்டிய வேன் ஒன்று நின்றது. மாலை போட்டு ஒவ்வொருவராக ஏற்றினார்கள். செல்லச்சாமி மகளின் கையை விடாமல் பிடித்திருந்தார். நிருஜன் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"அங்கிள், சும்மா ஒரு படத்துக்குத்தான். வேன் கேட்டத் தாண்டிப் போய், குளத்தச் சுத்திப் பின் பக்கமா குசினி கேட்டுக்கு வந்துரும். நீங்க த்ரீவீலோட அங்க நில்லுங்க. சத்தியமா சொல்றேன்."

அவர் ஓடிப்போய் த்ரீவீலைத் திருப்பி, சமையல்காரர்கள் போய்வரும் குசினி கேட்டில் நிறுத்தினார். திரும்பிப் பார்த்தபோது தவிசாளர் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்.

"அந்நிய நாட்டுப் பெண் பிள்ளைகளை இருட்டில் தனியாக அனுப்புவது நம் பண்பாடு இல்லை. கட்டுநாயக்க விமான நிலையம் வரைக்கும் நானே கூட வருகிறேன். நிருஜன், மொழிபெயர்க்க நீயும் ஏறு."

நிருஜனுடைய முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. வாயைத் திறந்தார். மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. ஏறினார். கதவைச் சாத்தினார்கள்.

செல்லச்சாமி குசினி கேட்டால் வெளியேறி, வயலை ஒட்டிய மண் பாதையில் த்ரீவீலை விரட்டினார். வேன் பெரிய ரோட்டுக்கு வருமுன் சந்தியில் போய்க் குறுக்கே நிறுத்திவிட வேண்டும். இடுப்பு முறியக் குலுங்கிக்கொண்டு போய்ச் சந்தியில் ஏறியபோது, பொலிஸ்காரர் ஒருவர் வெளிச்சக் கம்பை நீட்டினார். அந்தப் பக்கம் பாதையை யானை கடப்பதற்குத்தான் மறிப்பார்கள். அன்றைக்குக் கம்போடியாவுக்காக மறித்திருந்தார்கள்.

"ஓரத்துல போடு, ஓரத்துல போடு. வெளிநாட்டு ஆட்கள் போறது."

"சேர், அதுல என் மக இருக்கு சேர். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"த்ரீவீல்காரன் மக வெளிநாட்டு வேன்லயா? குடிச்சிருக்கியா? எறங்கி நில்லு. வேன் வந்தா கை காட்டணும். பொதுமக்கள் கை காட்டுறாங்களான்னு மேல இருந்து கேட்டிருக்கு."

வேன் வந்தது. உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள். முன்னால் தவிசாளர் மாலையோடு உட்கார்ந்திருந்தார். பின் ஜன்னலில் கிரீடம் சாய்ந்திருந்தது. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு சிவதர்ஷினி வெளியே பார்த்தாள். அப்பாவைக் கண்டதும் நிமிர்ந்து, உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். செல்லச்சாமி ரோட்டுக்குப் பாய்ந்து இரண்டு கையையும் உயர்த்தி, "நிறுத்து! நிறுத்து!" என்று வீசினார். பொலிஸ்காரர் அவரை இடுப்போடு பிடித்து இழுத்தார். சாரதி அன்போடு ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார். தவிசாளர் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்.

வேன் தம்புள்ளைப் பக்கம் திரும்பி மறைந்தது. பொலிஸ்காரர் வோக்கிடோக்கியில், பொதுமக்கள் மிகவும் உற்சாகமாகக் கையசைத்ததாக அறிவித்தார். சந்தியில் செல்லச்சாமியைத் தவிர வேறு யாரும் இருக்கவில்லை.

அவர் த்ரீவீலை முடுக்கினார். பொலிஸ்காரர் மறுபடியும் கம்பைக் குறுக்கே நீட்டினார்.

"பாதை இன்னும் தொறக்கல."

"எப்ப சேர் தொறப்பீங்க?"

"அவங்க ப்ளேன் ஏறின பொறகு. ஓடர் அப்பிடி."

"அவகிட்ட பாஸ்போட்டே இல்லயே, சேர்" என்றார் செல்லச்சாமி.